கழுத்தைத் திருப்பிப் பார்த்தவர்கள்

என் அக்காவை அவள் ஆபீசில் 'புள்ளியக்கா' என்பார்கள். நகரப் பேருந்து அலுவலகத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர். பஸ் வரவில்லை, கண்டக்டர் முறைத்தார், சீட் கிழிந்திருக்கிறது என்று ஊர் எழுதி அனுப்புவதையெல்லாம் பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள். ஏற்றியதை யாராவது படித்தார்களா என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த எரிச்சலில்தான் அவள் படம் போட ஆரம்பித்தாள்.

படம் என்றால் சுவரில் மாட்டுகிற படம் இல்லை. திரையில் ஊர் வரைபடம் வரும், அதில் புள்ளிகள் இருக்கும், ஒரு புள்ளியைத் தொட்டால் அந்த இடத்து விவரமெல்லாம் விரியும். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். சாப்பாட்டு மேசை முழுக்க அவளுடைய காகிதங்கள். மாமா மூன்று மாதம் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டே சாப்பிட்டார். சாப்பிடுவதைத் தவிர வேறெதற்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. அப்படி ஒரு மனிதர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

முதல் பலி நான்தான். நான் லாண்டரிக் கடை வைத்திருக்கிறேன். ஒரு மாதத்து ரசீதுகளை வாங்கிக்கொண்டு போனவள், எங்கள் பகுதியின் கறைகளையெல்லாம் படமாக்கிக் கொண்டுவந்தாள். திங்கட்கிழமையைத் தொட்டால் மை, சனிக்கிழமையைத் தொட்டால் கிரீஸ். வாராவாரம் ஒரே சட்டையில் சாக்லேட் கறை இருப்பதையும் அதில்தான் கண்டேன். இனிப்பைத் தொடவே கூடாது என்று எனக்கு உபதேசம் செய்யும் டாக்டரின் சட்டை அது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

அடுத்து பஸ்ஸுக்கு வந்தாள். ஸ்டாப்பில் நிற்பவர்கள் போனில் ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும். அதில் இரண்டே பட்டன்: 'நிக்கிறேன்', 'ஏறிட்டேன்'. இரண்டுக்கும் நடுவில் எத்தனை நிமிடம் என்று படம் கணக்குப் போட்டுக்கொள்ளும். பத்து நிமிடத்துக்குள் என்றால் அந்த ஸ்டாப் பச்சை, இருபது வரைக்கும் மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. மேலாளர் அதைப் பெரிய திரையில் போட்டு மத்தியப் பேருந்து நிலையத்திலேயே மாட்டிவிட்டார். ஜனங்கள் தங்கள் ஸ்டாப்பைத் தேடித் தொட்டுத் தொட்டுத் திரையையே அழுக்காக்கினார்கள். சிவப்பாக இருந்த இடங்களுக்குக் கூடுதல் பஸ் போனது. அழுத பிள்ளை பால் குடிக்கும் அல்லவா? அந்தக் கூடுதல் பஸ்ஸை எங்கிருந்து எடுத்தார்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடையைத் திறக்கும்போது எதிரே ஸ்டாப் கம்பத்தில் ஒரு நோட்டீஸ். 'பயணிகள் காத்திருப்பு இல்லாத காரணத்தால் இத்தடம் அடுத்த மாதம் முதல் நிறுத்தப்படும்.' முதலில் கோபப்பட்டுவிட்டு அப்புறம் யோசிக்கிற ஜாதி நான். நோட்டீஸைப் பிய்த்து எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"எங்க ஸ்டாப்பைக் காட்டு" என்றேன்.

காட்டினாள். பச்சைப் பசேலென்று இருந்தது. தொட்டால், சராசரிக் காத்திருப்பு பூஜ்யம் நிமிடம்.

"பாருடா, ஊர்லயே நல்ல ஸ்டாப் உன் கடை வாசல்லதான் இருக்கு" என்று சிரித்தாள்.

"அக்கா, அந்த பஸ் எப்ப வரும்னு அதோட டிரைவருக்கே தெரியாது. ரெண்டு வருஷமா அங்க ஒரு ஈ காக்கா நிக்கறதில்ல. உன் தம்பி பொண்டாட்டி ஆஸ்பத்திரி டூட்டிக்குப் பாலம் தாண்டி இருபது நிமிஷம் நடந்துபோய் வேற பஸ் பிடிக்கிறா. நிக்க ஆளே இல்லாத இடத்துல உன் பட்டனை யாரு அமுக்குவா?"

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. திரையையும் நோட்டீஸையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காலியா இருந்த எடத்துக்கெல்லாம் நான் பூஜ்யம் போட்டிருக்கேன்டா" என்றாள். "பத்துக்குக் கீழதானேன்னு அது பச்சை காட்டிடுச்சு. தெரியாதுன்னு காட்டியிருக்கணும். பிரமாதம்னு காட்டியிருக்கேன். அதைப் பார்த்துத்தான் இங்க பஸ்ஸை எடுத்து சிவப்புக்கு அனுப்பறாங்க."

புகாரை யாரும் படிப்பதில்லை என்று பதினான்கு வருடம் பொருமியவள், புகார் செய்யாதவனுக்குக் குறையே இல்லை என்று தன் கையாலேயே வரைந்து வைத்திருந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஏன்தான் வந்தோமோ என்று இருந்தது.

"போய் ஒத்துக்கறேன். திரையைக் கழட்டினாலும் பரவால்ல" என்றாள். "ஆனா வெறும் கையோட போனா, 'எப்படிப் பார்த்தாலும் அங்க ஆள் இல்லையேம்மா'ன்னு கேப்பாங்க. இல்லாத ஆளை எப்படிடா எண்றது?"

இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு என் கடை ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். தலைக்கு மேலே தேய்த்த சட்டைகள், மடியில் நோட்டு. முதல் ஒரு மணி நேரம் அந்த நோட்டில் ஒரு கோடுகூட விழவில்லை. ஸ்டாப்பில் யாரும் நின்றால்தானே? எல்லோரும் பாலத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

"டேய், இவங்க எல்லாரும் ஏன் அந்தக் கம்பத்துக்கிட்ட வந்ததும் கழுத்தைத் திருப்பறாங்க?" என்றாள் திடீரென்று.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தேன். உண்மைதான். பை தூக்கி வந்த தையல்காரம்மா, பள்ளிக்கூட வாத்தியார், காதில் கம்பியில்லாத இயர்போன் இருந்ததால் தனக்குத்தானே பேசிக்கொண்டு வருகிறாரோ என்று நான் பயந்த போன்காரர், எல்லோரும் கம்பத்துக்கு நேராக வந்ததும், நடை நிற்காமல், பஸ் வரும் வளைவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். வராது என்று தெரியும். இருந்தாலும் பார்த்தார்கள். இரண்டு வருடமாக என் கண்ணெதிரே நடந்தது, நான் கவனித்ததே இல்லை. என் மனைவியும் போனாள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

"இதுவும் காத்திருக்கறதுதான்" என்றாள் அக்கா. அப்புறம் நோட்டில் கோடுகளுக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு நாளில் முந்நூற்று நாற்பத்தாறு கழுத்துகள்.

ஆபீஸ் கூட்டத்தில் என்ன நடந்தது என்பதை அவளே வந்து சொன்னாள். எழுந்து, "தப்பு என்னோடது சார்" என்று ஆரம்பித்தாளாம். ஒரு பட்டனை அழுத்தியதும் பச்சைப் புள்ளிகளில் அறுபத்தொன்று வெள்ளையாக மாறின.

"வெள்ளைன்னா?" என்று கேட்டிருக்கிறார் மேலாளர்.

"நமக்குத் தெரியாதுன்னு அர்த்தம் சார்."

"இத்தனை எடமா?"

"இத்தனை எடம் சார்."

அதன்பின் எங்கள் ஸ்டாப்பைத் தொட்டுக் காட்டினாள். முந்நூற்று நாற்பத்தாறு சின்னத் தலைகள் வரிசையாக வந்து, கம்பத்தருகே திரும்பிப் பார்த்துவிட்டுப் போயின. மேலாளர் அதை மூன்று முறை ஓட்டச் சொன்னாராம். பிறகு சொன்னார்: மூன்று மாதம் ஏழு நாற்பதுக்கு நிச்சயமாக பஸ் வரும். அப்போதும் ஆள் நிற்காவிட்டால் நிறுத்தத்தான் வேண்டும்.

அங்கேதான் சிக்கல். பஸ் வரும் என்று புது நோட்டீஸ் ஒட்டினார்கள். நம்ப வேண்டுமே! சூடு கண்ட பூனை எங்கள் தெரு. முதல் நாள் காலை ஏழு முப்பத்தைந்துக்கு ஸ்டாப்பில் காற்றுதான் நின்றது. நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டூட்டிக்குக் கிளம்பிய மனைவியைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்க் கம்பத்தடியில் நின்றேன். போனை எடுத்து 'நிக்கிறேன்' அழுத்தினேன்.

"லேட்டாச்சுன்னா தலைமை நர்ஸ்கிட்ட நீங்க வந்து பதில் சொல்லுங்க" என்றாள் மனைவி. இருந்தாலும் நின்றாள்.

வழக்கம்போல் கழுத்தைத் திருப்பிய தையல்காரம்மா எங்களைப் பார்த்ததும் நடையை நிறுத்தினார்.

"பஸ் வருமா?"

"வரும்னு என் அக்கா சொல்லியிருக்கா."

அவரும் நின்றார். மூன்று பேர் நிற்பதைப் பார்த்து வாத்தியார் நின்றார். அப்புறம் கேட்கவா வேண்டும், பதினோரு பேர். மணி ஏழு நாற்பது ஆனது. ஏழு ஐம்பதும் ஆனது. பஸ்ஸைக் காணோம். வாத்தியார் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஐந்தாம் வகுப்புக்கே போய்விட்டேன். எட்டு மணியை நெருங்கும்போது போன் அடித்தது. அக்கா.

"டேய்! சிவப்பாயிடுச்சுடா! நம்ம ஸ்டாப் சிவப்பு!" அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். சிவப்பைப் பார்த்துக் குதிக்கும் ஒரே ஆள் அந்த ஆபீசில் அன்று அவள்தான். "வளைவுக்கிட்ட வந்துட்டானாம். நிக்கச் சொல்லு எல்லாரையும்!"

எல்லோர் கழுத்தும் வளைவுப் பக்கம் திரும்பியது. பஸ் வந்தது. என்னைத் தவிர எல்லோரும் ஏறினார்கள். நான் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை, கடையில் இஸ்திரிப் பெட்டி வேறு காத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் நான் ஏறாமல் 'ஏறிட்டேன்' அழுத்தினால் அது பொய். அழுத்தாவிட்டால் அக்காவின் படத்தில் நான் இன்றுவரை நின்றுகொண்டிருப்பேன். இதுவரை அவளுக்கு நேர்ந்த தவறே போதும். ஏறினேன்.

"எங்க போகணும்?" என்றார் கண்டக்டர்.

"அடுத்த ஸ்டாப்" என்றேன். அங்கே இறங்கி, வெயிலில் நடந்தே கடைக்குத் திரும்பி வந்தேன்.

மூன்று மாதம் ஓடிவிட்டது, பஸ்ஸும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஸ்டாப் இப்போது மஞ்சள். என்றைக்காவது பச்சையானால் அக்கா முதலில் எனக்குத்தான் போன் செய்வாள்: "டேய், வெளிய வந்து பாரு, ஆள் நிக்கறாங்களா?"