கூரைக்காரரின் குடை

எங்கள் சிராங்கூன் ரோடு வீட்டின் தகரக் கூரை ஒழுகியபோது, அதை மாற்ற ஒரு காண்ட்ராக்டர் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அக்குளில் கறுப்புக் குடை. உட்கார்ந்தாலும் அதைக் கீழே வைக்கமாட்டார்.

"முன்னாடி நீங்க கூரை போட்ட வீட்டைக் காட்டுங்க, அப்புறம் பேசுவோம்" என்றேன். உற்சாகமாக அழைத்துப் போனார்.

அந்த வீட்டு அம்மா காப்பி கொடுத்து, அவரைப் புகழ்ந்து தள்ளினார். "தங்கமான மனுஷர் லா! சொல்லி அனுப்பினா உடனே வந்துடுவாரு."

"எப்பெப்போ சொல்லி அனுப்புவீங்க?" என்று கேட்டேன்.

"மழை பெய்யுறப்பல்லாம்!"

அப்போது இடி இடித்தது. அவர் காப்பியைக் கீழே வைக்காமலே, வீட்டுக்குள்ளேயே குடையை விரித்து, அந்த அம்மாவுக்கும் சேர்த்துப் பிடித்தார்.

இவ்வளவு அக்கறையான மனிதரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வேலையைக் கொடுத்தேன். அடுத்த மழைக்கு எங்கள் வீட்டுக்கும் உடனே வந்துவிட்டார், குடையோடு.