ஏரி தெரியும் வாடகை வீடு

வாடகைக்கு வீடு பார்க்க வரும் பெண்கள் முதலில் சமையலறைக்குத்தான் போவார்கள். குழாயைத் திறந்து பார்ப்பார்கள். எங்கள் சூப்பர்வைசரின் மனைவி அப்படிச் செய்யவில்லை. கூடத்தைக் கடந்து நேராகப் பால்கனிக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி நின்றுவிட்டார். அப்போது ஏரியில் தண்ணீரைவிட ஆகாயத்தாமரைதான் அதிகம். "தண்ணி எங்க தெரியுது, தழைதான் தெரியுது" என்றார் கணவர். "பச்சையா இருக்குதில்ல, போதும். ஆஸ்பத்திரி செவுத்தயே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு" என்றார் அந்த அம்மாள்.

ஓசூரின் பழைய பகுதியில், பாளையக்காரர் காலத்தில் வெட்டியதாகச் சொல்லும் ஏரியின் கரையில், எங்கள் அடுக்குமாடிக் கட்டடம் இருக்கிறது. ஓட்டு வீடுகளும் மண்டிக் கடைகளும் நிறைந்த தெருவில் முதலில் எழுந்த உயரமான கட்டடம் அதுதான். அதில் இரண்டு வீடுகளை வாங்கியிருந்தேன். ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம், மூன்றாம் மாடியில் இருந்ததை வாடகைக்கு விட்டேன். சூப்பர்வைசர் நான் மேலாளராக இருந்த தொழிற்சாலையில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர், கிருஷ்ணகிரியைத் தாண்டியிருக்கும் மத்தூர்ப் பக்கத்துக்காரர். அவர் ஓய்வு பெற்ற பிறகு மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. பெங்களூருக்குச் சிகிச்சைக்குப் போய்வர ஓசூர்தான் வசதி. "சார் வூடு இருக்கறப்ப வேற எங்கங்க போறது" என்று வந்து நின்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சில மாதங்களில், இனிச் சிகிச்சை வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். கட்டடத்தில் பேச்சு கிளம்பியது. மொட்டை மாடியில் குடியிருப்போர் கூட்டம் நடந்தபோது, இரண்டாம் மாடிக்காரர் நிதானமாகத் தொடங்கினார். "இருக்கறவரைக்கும் இருக்கட்டும் சார், யாரு வேணாங்கறாங்க. ஏதாவது ஆயிட்டா? லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சர் நுழையாது. அடைப்பு நட்சத்திரத்துல போயிட்டாங்கன்னா வூட்ட மாசக்கணக்குல பூட்டிவெக்கணும். அப்பறம் அங்க யாரு குடி வருவா?" எனக்கு நட்சத்திரத்தில் நம்பிக்கை கிடையாது. அதை அங்கே சொல்லவும் செய்தேன். ஆனால் யார் குடி வருவார்கள் என்ற கேள்வி மட்டும் என்னோடு படியிறங்கி வீட்டுக்கு வந்துவிட்டது.

மறுநாள் மேலே போனேன். காலி செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் சொல்லும் படிப்பு எனக்கு இருந்தது. இந்த நேரத்தில் சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் தெம்பாக இருக்கும், வேண்டுமானால் என் காரையே தருகிறேன் என்றேன். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். "ஊர்ல எங்களுக்குன்னு வூடு இல்லீங்க சார். தம்பி வூட்டுக்குப் பின்னால ஒரு ரூம்பு இருக்குது. அதுல சன்னல்கூட இல்ல."

பால்கனிக் கதவை ஒட்டிய கட்டிலில் படுத்திருந்த அவர் மனைவிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. "ஏன் சார், நான் இங்க செத்துருவேன்னு பயந்துக்கறீங்களா?" என்று சிரித்தார். "பயப்படாதீங்க. செத்தாலும் பேயா வரமாட்டேன். எனக்கு லிஃப்ட்டுன்னாலே ஆகாது." நானும் சிரித்து, அப்படியெல்லாம் ஒன்றுமில்லையம்மா என்றேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். "இங்கியே கெடந்துட்டுப் போயிடறனே சார்." எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை, அசோசியேஷனில்தான் ஒரு மாதிரி பேசுகிறார்கள் என்றேன். நான் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் அடங்கிப்போகக்கூடிய பேச்சுதான் அது. வீடு என்னுடையது.

அந்த வாரமே கிளம்பினார்கள். அந்த அம்மாளைக் காரில் ஏற்றி, தலைக்குத் தலையணை வைத்து, கதவை நானே சாத்தினேன். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு அப்போது எனக்கு இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

அவர் உடனே இறந்துவிடவில்லை. மழைக்காலம் போய், மறுபடியும் மாங்காய் வரத்து தொடங்கும்வரை அந்தச் சன்னலில்லாத அறையில் கிடந்தார். கிருஷ்ணகிரிக்கு எத்தனையோ முறை போய்வந்த நான், மத்தூருக்குச் சாவுக்குத்தான் போனேன்.

இப்போது ஏரியைத் தூர்வாரி, நடைபாதை போட்டு, விளக்கும் வைத்துவிட்டார்கள். அந்த அம்மாள் போனபிறகு மூன்றாம் மாடியில் நல்ல வேலையில் இருக்கும் இளம்பிள்ளைகள் குடியிருந்தார்கள். கொசு வருகிறது என்று பால்கனிக் கதவையே திறக்கவில்லை. அவர்கள் காலி செய்ததும் தரகர் போனில் அழைத்தார். "வயசானவங்க இல்லாத ஃபேமிலியா பாத்துத் தரேன் சார். உங்க டேஸ்ட்டு எனக்குத் தெரியாதா?" எரிச்சலோடு போனை வைத்தேன். அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சூப்பர்வைசரை வரச் சொன்னேன். மத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார், மெலிந்திருந்தார். மேலே அழைத்துப்போய், நான் செய்தது தவறு என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். இந்த வீட்டில் இருங்கள், வாடகை வேண்டாம், கடைசிவரை இருங்கள் என்றேன். அவர் பால்கனிக் கதவைத் திறந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏரியைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"வேணாங்க சார்" என்றார். "எனக்கும் வயசாயிடுச்சு. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உங்களுக்குத்தான் சங்கடம்."

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என்மேல் உள்ள அக்கறையில்தான் அதைச் சொன்னார்.