மாதிரி பதிலில் ஓடிய ஜீப்

எல்மாவுக்கு வாய்தான் பிழைப்பு. பாகியோ என்கிற மலை ஊரில், மார்க்கெட்டைத் தாண்டி ஒரு மருந்துக்கடை மாடியில் அவளுடைய ஆபீஸ். அங்கே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஜப்பானிலும் கொரியாவிலும் இருப்பவர்களோடு இங்கிலீஷில் பேசுவாள். பாடம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை மணிக்குப் போவீர்கள், வேலை பிடித்திருக்கிறதா, இவ்வளவுதான். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் சும்மா கேட்கிற கேள்விகள். அதற்குப் பதில் சொல்லக்கூட ஆள் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்வது.

எடுத்த எடுப்பில் கேட்டால் மாணவர்கள் வாயடைத்துப் போய்விடுவார்கள். அதனால் டீச்சர் முதலில் தன் வீட்டு ஆள் ஒருவரின் வேலையைச் சொல்லிக் காட்ட வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். அதற்கு மாதிரி பதில் என்று பெயர். அதைக் கேட்டு மாணவர்கள் தங்கள் வேலையைச் சொல்லிப் பழகுவார்கள். பக்கத்துத் தடுப்பில் இருக்கும் லிபெர்ட்டி, தன் அண்ணன் விமானம் ஓட்டுவதாகச் சொல்வாள். லிபெர்ட்டிக்கு அண்ணனே கிடையாது. எல்மாவுக்கு அந்த மாதிரி கூசாமல் புளுக வராது. அவள் இருப்பதைச் சொன்னாள்.

“என் கணவர் பெனிட்டோ, பஸ் மாதிரி ஆள் ஏத்துற ஜீப் ஓட்டுறார். இருட்டோட எழுந்து வண்டியைக் கழுவுவார். எங்க ஊர் லா டிரினிடாட்லருந்து பாகியோவுக்குப் போயிட்டுப் போயிட்டு வருவார். போற வழியில என்னை ஆபீஸுக்குக் கீழ இருக்குற மருந்துக்கடை வாசல்ல இறக்கி விடுவார். அவருக்கு எல்லாரையும் பிடிக்கும், டிராஃபிக் போலீஸைத் தவிர.”

கடைசி வரிக்கு எந்த நாட்டுக்காரரும் சிரித்துவிடுவார். இப்படிப் பல வருஷங்களாக, கடல் தாண்டி எங்கெங்கோ இருப்பவர்களுக்கெல்லாம் பெனிட்டோவின் பிழைப்பு மனப்பாடம்.

மே மாதத்தில் ஒருநாள் ஸ்டாண்டில் வரிசையில் நிற்கும்போது பெனிட்டோ ஸ்டீயரிங் மேல் தலையைச் சாய்த்தார். தூங்குகிறார் என்று நினைத்துப் பின்னால் இருந்த டிரைவர்கள் ஹார்ன் அடித்தார்கள், திட்டினார்கள். பிறகுதான் யாரோ இறங்கி வந்து பார்த்தார்கள். மாரடைப்பு.

வீட்டில் உடலை வைத்திருந்த நாட்களில் எல்மா வந்தவர்களுக்கெல்லாம் காப்பி ஊற்றினாள். ஊர் வழக்கப்படி பன்றி அறுத்தார்கள், சீட்டாடினார்கள், முறை வைத்து அழுதார்கள். அவள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று இரண்டு பேர் அவள் காதுபடவே சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்ட தாடை போல அவள் முழுக்க மரத்துப் போயிருந்தாள்.

லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், முதல் மாணவர் ஒனோதெரா. ஜப்பானில் லிஃப்ட் பட்டன் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவளிடம் படிப்பவர்களில் அவர்தான் பழையவர். “டீச்சர், பெனிட்டோ சான் சௌக்கியமா?” என்று, ஜப்பான் மரியாதைக்கு ஒரு ‘சான்’ சேர்த்து, தினமும் கேட்பதுபோல் கேட்டார்.

“சௌக்கியம். இன்னிக்கும் வண்டியைக் கழுவிட்டுத்தான் கிளம்பினார்” என்றாள் எல்மா.

நாக்கு பழகிய தடத்தில் தானாகப் போய்விட்டது. திருத்த வாயெடுத்தாள், வரவில்லை. அன்று எட்டுப் பேருக்குப் பாடம். எட்டுப் பேருக்கும் பெனிட்டோ ஜீப் ஓட்டினார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த லிபெர்ட்டி, சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அக்கா, நீ தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு சொல்லட்டா? மாதிரி பதிலை மாத்திக்கோ. வேணும்னா என் அண்ணனை எடுத்துக்கோ. நான் ஒரு தம்பியைச் செஞ்சுக்குறேன்.”

“எதுக்கு?”

“எதுக்கா? மாமா போயிட்டாரு அக்கா.”

“இங்கதானே போயிட்டாரு” என்றாள் எல்மா, சோற்றைப் பிசைந்தபடி.

எல்மா சொன்னது பைத்தியக்காரப் பேச்சுதான். ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. ஊரில் பெனிட்டோவுக்குக் குழி தோண்டி மூடியாயிற்று. அவர் தம்பி சிமியோன் வண்டியை எடுத்தாயிற்று. ஒனோதெரா மாதிரி நாலு பேர் நம்புகிற வரைக்கும் எங்கேயோ ஒரு பெனிட்டோ வண்டி கழுவிக்கொண்டிருக்கிறார். அதையும் அவள் வாயாலேயே முடித்துவிட்டால் அப்புறம் ஒன்றுமே இல்லை.

எல்மா வேறு ஜீப்பில் வேலைக்கு வந்து போனாள். பெனிட்டோவின் வண்டியில் மட்டும் ஏறவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஆகஸ்டில் ஒனோதெரா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். “டீச்சர், எனக்கு ரிட்டயர்மென்ட். அடுத்த மாசம் பாகியோ வரேன். பெனிட்டோ சான் வண்டியில, அவர் பக்கத்து சீட்ல, நான் உக்காரணும்.”

“இங்க வந்து பார்க்க என்ன இருக்கு? மழையும் மூடுபனியும்தான்.”

“என் வேலைல பட்டன், பட்டன், பட்டன். உங்க வீட்டுக்காரர் வேலைலதான் மனுஷங்க இருக்காங்க. வண்டியை நிறுத்தச் சொல்லக்கூடக் கத்துக்கிட்டேன். ‘பாரா!’ சரியா?”

“சரி” என்றாள் எல்மா. அந்தச் சமயத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். “அவருக்கும் ரொம்ப சந்தோஷமா இருக்கும்” என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே சிமியோன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவன் வண்டிக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான்.

“சிமியோன், ஒரே ஒரு டிரிப்புக்கு நீ உங்க அண்ணனா இருக்கணும்.”

ஸ்பேனர் தரையில் விழுந்தது. “அண்ணி, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?”

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் முழுசும் வெளியே வராமல் தலையை மட்டும் நீட்டிக் கேட்டான்.

“எனக்கு இங்கிலீஷ் வராதே.”

“உங்க அண்ணனுக்கு வந்துச்சா? தலையை ஆட்டு, போதும்.”

“அண்ணனுக்கு மீசை இருந்துச்சு.”

“ஒனோதெரா உங்க அண்ணன் போட்டோவைப் பார்த்ததில்ல.”

“அண்ணன் இருந்திருந்தா சிரிச்சே செத்திருப்பான்” என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அவன் மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டான். “சரி அண்ணி, வரச் சொல்லுங்க” என்று அங்கிருந்து குரல் வந்தது.

ஒனோதெரா செப்டம்பரில் வந்தார். குள்ளமான மனிதர், கழுத்துவரை பட்டன் போட்ட மழைக்கோட்டு, கையில் பெட்டி நிறைய பலகாரம். லா டிரினிடாட் ஸ்டாண்டில் சிமியோனைக் கண்டதும் இடுப்பு வளையக் குனிந்து, “பெனிட்டோ சான், உங்களை எனக்கு ரொம்ப வருஷமாத் தெரியும்” என்றார். சிமியோன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

முன் சீட் எல்மாவின் இடம். அதை ஒனோதெராவுக்குக் கொடுத்துவிட்டு, அவள் முதல் தடவையாக அந்த வண்டியில் பின்பக்க பெஞ்சில், டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். முட்டைக்கோஸ் மூட்டையோடு ஒரு வியாபாரி, இரண்டு காலேஜ் பெண்கள், தூங்கி வழியும் ஒரு காவலாளி. வண்டி கிளம்பியது. மழை பிடித்துக்கொண்டது.

“காலைல வண்டியைக் கழுவியாச்சா?” என்று கேட்டார் ஒனோதெரா. சிமியோன் தலையை ஆட்டினான். “வேலை பிடிச்சிருக்கா?” அதற்கும் ஆட்டல். வழியில் ஒரு டிராஃபிக் போலீஸைக் கண்டதும் ஒனோதெரா திரும்பி எல்மாவைப் பார்த்துக் குறும்பாகச் சிரித்தார். அவளும் ஆபீஸில் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தாள். நல்லபடியாக முடிந்துவிடும் போலிருந்தது.

ஊருக்குள் நுழைந்தாயிற்று. மருந்துக்கடை பச்சை போர்டு தூரத்தில் தெரிந்தது. எல்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். போர்டு கிட்டே வந்தது. ஜன்னலுக்கு நேராக வந்தது. வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

சிமியோன் மேல் தப்பில்லை. யாரும் சொல்லாமல் எந்த டிரைவர் நிறுத்துவான்? அங்கே நிறுத்தவும் கூடாது. பெனிட்டோ நிறுத்துவார். போலீஸ் விசில் ஊதினாலும் சரி, பின்னால் வருகிறவன் கத்தினாலும் சரி, கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அவள் படி ஏறுகிறவரை பார்த்துக்கொண்டிருப்பார். இத்தனை வருஷத்தில் அந்த வண்டியை நிறுத்தச் சொல்லி எல்மா ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது கேட்க வேண்டும். ஒரே ஒரு சொல். பேசிப் பேசியே பிழைக்கிற எல்மாவுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

ஒனோதெரா பின்னால் திரும்பினார். “டீச்சர், மருந்துக்கடை போயிடுச்சு. பெனிட்டோ சான் ஏன் நிறுத்தல?”

எல்மா எதிரே இருந்த பிடரியைப் பார்த்தாள். சிமியோனின் பிடரி. நரை இல்லை, வெயில் கருப்பு இல்லை.

“அது பெனிட்டோ இல்ல” என்றாள். “அவர் தம்பி. பெனிட்டோ செத்துட்டார்.”

அதை முதலில் இங்கிலீஷில் சொன்னாள். அப்புறம் தங்கள் ஊர் மொழியில் ஒரு தடவை சொன்னாள். அதை அந்த வண்டியில் யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. முட்டைக்கோஸ்காரர் தொப்பியைக் கழற்றினார்.

ஒனோதெரா முகத்தில் கோபம் இல்லை. மடியில் இருந்த பலகாரப் பெட்டியை நேராக வைத்தார். பிறகு முன்பக்கம் திரும்பி, கூரையில் விரலால் மெல்லத் தட்டி, “பாரா” என்றார்.

சிமியோன் நடு ரோட்டிலேயே நிறுத்திவிட்டான். யாரும் இறங்கவில்லை. எல்மா பையை மடியில் அணைத்துக்கொண்டு, வாய்விட்டு, ஊர் கேட்க அழுதாள். பின்னால் வரிசையாக ஹார்ன் அடித்தார்கள், திட்டினார்கள். சிமியோன் வண்டியை எடுக்கவில்லை.