அசிமினாவின் மகள்

இல்லை, அசிமினா கெட்டுப்போய்ப் பிள்ளை பெற்றவள் இல்லவே இல்லை. போர் முடிந்து இத்தனை காலமாகியும் நீரூற்றுப் பக்கம் அதையே மென்றுகொண்டிருப்பவர்கள் மெல்லட்டும். நடந்தது இதுதான்.

சலோனிகா நகரத்தில் ஜெர்மன்காரர்கள் யூதர்களை ரயிலில் அள்ளிக்கொண்டு போன சமயம், அசிமினாவின் அண்ணன் தனாசிஸ் அங்கே கம்பளி விற்கப் போயிருந்தான். அவனிடம் எப்போதும் கம்பளி வாங்கும் யூத வியாபாரி, தன் சின்ன மகள் ரெவேக்காவை அவன் கையில் ஒப்படைத்துவிட்டார். வீட்டுக்குக் கூட்டிவந்து ஊருக்குச் சொன்னது, அவள் லாரிசாவிலிருக்கும் சித்தப்பா மகனின் பெண், பெயர் மரீனா என்று. உண்மை தெரிந்தால் பிள்ளையும் போகும், வீடும் எரியும்.

அசிமினா அவளுக்குச் சிலுவை போடவும் ஜெபம் சொல்லவும் பழக்கினாள். ஒன்றை மட்டும் சொல்லிவைக்க மறந்தாள். எங்கள் பக்கம் பிறந்தநாளை யார் நினைக்கிறார்கள்? பெயருக்குரிய புனிதரின் திருநாள்தான் பெரிது. அன்று யாரையும் அழைக்க வேண்டியதில்லை, வாழ்த்துச் சொல்ல ஊரே வந்துவிடும். புனித மரீனா திருநாளன்று பெண்கள் கூட்டமாக வந்து கதவைத் தட்டினார்கள். தன்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று பிள்ளை கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது.

பக்கத்து வீட்டுக் கருஃபாலியா குனிந்து பார்த்தாள். அவள் மருமகன் நகரத்தில் ஜெர்மானியர்களுக்கு வேலை பார்க்கிறவன்.

"என்னடி இது? வாழ்த்த வந்தா நடுங்குது! தன் திருநாளே தெரியாத கிறிஸ்தவப் பிள்ளை எங்கயாவது உண்டா?"

"காய்ச்சல்ல கிடந்து இப்பதான் எழுந்திருக்கா, அக்கா."

"லாரிசாக்காரனுக்கு ரெண்டும் பையன்னுல்ல கேள்விப்பட்டேன். நிஜத்தைச் சொல்லு, யார் பிள்ளை இது?"

அசிமினா பிள்ளையை வெளியே இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

"என் பிள்ளை. நான் பெத்தது. வோலோஸ்ல வீட்டு வேலைக்கு இருந்தேனே, அப்போ. அப்பன் பேர் சொல்ல முடியாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்டு எந்தச் சாமியார்கிட்ட போய் நிப்பேன்? ஞானஸ்நானமே இல்லாதவளுக்குத் திருநாள் ஏதுக்கா? போதுமா?"

கருஃபாலியா சிலுவை போட்டுக்கொண்டு ஓடினாள். மதியத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. யூதர் என்ற சொல் ஒரு வாயிலும் வரவில்லை. அசிமினாவுக்கு நிச்சயித்திருந்த தச்சன் சாயங்காலமே மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

தனாசிஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "பேரைக் கெடுத்துக்கிட்டியே, பாவி! போகட்டும். எவன் என்ன சொன்னாலும் நீ இங்கயே இரு."

"இருந்தா எவன் நம்புவான்? இப்படி ஒரு தங்கச்சியை வீட்டுல வச்சுக்கிற ஆளா நீ? மலைமேல அத்தை வீடு இருக்கு, ஜெர்மன்காரன் அங்க ஏற மாட்டான். காலையில என்னைத் துரத்து, அண்ணே."

"என் வாயால எப்படிடி?"

"ஆடு திருடினவனைத் திட்டினியே, அப்படித்தான். கருஃபாலியாவுக்குக் காது மந்தம், நல்லா கத்து."

விடிந்ததும் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு போர்வை, அவ்வளவையும் முடிந்துகொண்டாள். தனாசிஸ் தெருவில் நின்று, "என் மூஞ்சியிலயே முழிக்காதே, போ!" என்று கத்தினான். பாதியில் குரல் உடைந்தது.

"இன்னும் சத்தமா," என்று அசிமினா உதடு அசையாமல் சொன்னாள். பிறகு குனிந்து, "இனிமே அத்தை இல்ல, அம்மான்னு கூப்பிடு," என்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, தலை நிமிர்ந்து வாசலைத் தாண்டினாள்.