அலுமாரிக்குள் ஐந்து சட்டி

எனக்கு அப்போது இருந்த ஒரே கவலை, நெல் நாற்று சாயுமா சாயாதா என்பதுதான். விவசாய பீடத்தில் இறுதியாண்டு ஆய்வு. தாவரம் தனக்குள்ளேயே சுரக்கும் ஸ்டெரொயிட் ஓமோனில் ஒரு துளி எடுத்து, இலையும் தாளும் சேரும் மூட்டில் வைக்க வேண்டும். மூட்டின் மேற்பக்க உயிர்க்கலங்கள் நீள, நிமிர்ந்து நின்ற இலை பின்னால் சாயும். மருந்து கூடக் கூடச் சாய்வும் கூடும். புத்தகம் அப்படித்தான் சொன்னது. என் நாற்றுகள் புத்தகம் படிக்கவில்லை. முதல் தடவை எலி தின்றது. இரண்டாம் தடவை, வெளிச்சமே படக்கூடாத நேரத்தில் யாரோ இருட்டறைக் கதவைத் திறந்துவிட்டுப் போனார்கள். மூன்றாவதும் பிழையாய்ப் போனால், கூடப் படித்தவர்கள் பட்டத்தோடு போக, நான் மட்டும் அடுத்த வருடத்துப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும்.

விடுமுறைக்கு விடுதியைப் பூட்டிவிட்டார்கள். அதனால் மூன்றாவது முயற்சி எங்கள் ஊரான சரவணையில், வீட்டு அலுமாரிக்குள் நடந்தது. ஐந்து சின்ன மண்சட்டி வாங்கி நெல் விதைத்தேன். நாற்று வந்ததும் ஒரு சட்டிக்கு வெறும் தண்ணீர்த் துளி, மற்ற நான்குக்கும் படிப்படியாகக் கூட்டிய மருந்து. பிறகு இரண்டு நாள் இருட்டு. அலுமாரியைத் திறக்கவேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம், இருட்டு முடியும் வேளையில், சாய்வை அளக்கப் பாகைமானி வாங்க வேலணைக்கு பஸ் ஏறினேன்.

திரும்பி வந்தால் வாசலில் நாலைந்து சோடிச் செருப்பு. சாமி அறையில் விளக்கு எரிகிறது. அதன் முன்னால் என் ஐந்து சட்டிகளும், குங்குமப் பொட்டோடு. பக்கத்து வீட்டுப் பெண்கள் கதிரைகளில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கலியாண வீட்டில்தான் மண்சட்டியில் தானியம் முளைக்கப்போடுவார்கள். முளைப்பாலிகை என்போம். அம்மாவின் தங்கை சீலை எடுக்க அலுமாரியைத் திறந்திருக்கிறார். அவ்வளவுதான், எனக்குக் கலியாணம் முடிவாகிவிட்டது.

"ஆரடி பொடியன்?" என்றார் சின்னம்மா. "நவதானியம் தேடவும் நேரமில்லாமல் வெறும் நெல்லைப் போட்டிருக்கிறாய். அவ்வளவு அவசரமோ?"

அவர் கையில் பால் செம்பு சரிந்துகொண்டிருந்தது.

"ஊத்தாதேங்கோ சின்னம்மா. என்ரை படிப்பு அதுக்குள்ளைதான் கிடக்கு."

"ஓம், ஓம். நாங்களும் உந்தப் படிப்புப் படிச்சுத்தான் வந்தனாங்கள்."

செம்பைப் பறித்த பிறகுதான் நாற்றுகளைப் பார்த்தேன். தண்ணீர்ச் சட்டியில் இலைகள் கம்பி போல நின்றன. அடுத்ததில் மெல்லிய சாய்வு. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். கடைசிச் சட்டியில் ஒவ்வோர் இலையும் கை நீட்டியது போலப் பக்கவாட்டில் விழுந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. சிரித்தபடியே தரையில் உட்கார்ந்து அளந்தேன். நான் பாகையைச் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டக்கா கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதினார்.

"அப்ப மாப்பிள்ளை ஒருத்தரும் இல்லையோ?" என்றார் அம்மா.

"இல்லை அம்மா."

"பின்னை ஏன் இந்தச் சிரிப்பு?"

எல்லாவற்றையும் சொன்னேன். எலி, கதவு, பட்டம், எல்லாம். அம்மா பாகைமானியை வாங்கி, சீலையைச் செருகிக்கொண்டு, அளக்காமல் மிச்சமிருந்த கடைசிச் சட்டியின் முன் உட்கார்ந்தார். இலை அசையாமலிருக்க மூச்சை அடக்கினார்.

"ரெண்டு தரம் பிழையாய்ப் போனதை ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"வெக்கமா இருந்தது."

"விசரி. இனி அழுறதெண்டாலும் என்னட்டை வந்து அழு," என்றுவிட்டு அம்மா குனிந்து வாசித்தார். "எண்பத்தெட்டு. எழுது."