மழையில் எனக்கு மட்டும் கேட்ட குரல்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நான் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, ஓர் ஆடி மாத மழைநாளில் நடந்தது இது. சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் சிரிப்பு வந்துவிடும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு காதும் சரியாகக் கேட்காது. காதுக் கருவி உண்டு. ஆனால் அது ஆள் பார்க்காமல் வேலை செய்யும். பேசுகிறவர் குரலை எவ்வளவு பெரிதாக்குமோ, அதே அளவுக்கு மின்விசிறியையும், நாற்காலி இழுபடுவதையும், பின் பெஞ்சில் யாரோ மிக்சர் மெல்லுவதையும் பெரிதாக்கித் தரும். அதனால் பாதிப் பாடம் ஆசிரியரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதுதான். எங்கள் வரலாற்று சாருக்கோ உதட்டை முழுசாக மூடும் மீசை.

கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று ஓர் உதவி மையம் இருந்தது. அதற்குப் பொறுப்பும் இந்த மீசை சார்தான். அந்த மையத்தின் மூலம் எனக்கு ஒரு சின்ன மைக் வாங்கித் தந்தார்கள். ஆசிரியர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பேசினால் போதும், அவர் குரல் நேராக என் காதுக் கருவிக்குள் வந்துவிடும். முதல் நாள் கயிறோடு அதை நீட்டியபோது சார், "இது என்ன மக்கா, எனக்கு தாலி கெட்டப் போறியா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. ஆனாலும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தினமும் மாட்டிக்கொண்டார்.

சிக்கல் என்னவென்றால், சாருக்கு அதை அணைக்கத் தெரியவில்லை. பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் அணைந்துவிடும். சார் சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் அழுத்துவார். அது மறுபடி விழித்துக்கொள்ளும். அவர் பக்கத்து ஸ்டாப் ரூமுக்குப் போன பிறகும் என் காதுக்குள்ளேயே இருப்பார். "சாளை வேண்டாமா? செரி. நெத்திலி? அதும் வேண்டாமா? பின்ன என்னத்ததான் வாங்கிட்டு வர?" என்று தன் வீட்டம்மாவிடம் போனில் மீன் பெயர்களை அடுக்கிக் கெஞ்சுவது தெளிவாகக் கேட்கும். நான் ஓடிப்போய், "சார், மைக் ஆன்ல இருக்கு" என்பேன். சார் நாக்கைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துவார். இரண்டு தடவை.

அன்றைக்குக் கல்லூரிக்கு ஓர் ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. சார் மைக் மாட்டிக்கொண்டு எங்களுக்குப் பாடம் நடத்த, குழுவினர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. சார் புதுச் சட்டை போட்டிருந்தார். மைக்கை மாட்டி, "கேக்குதா மக்கா?" என்று சோதித்துப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "இப்ப வந்திருவேன்" என்று வெளியே போனார். மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் வரவேற்பதற்காக முன்வாசலுக்குப் போயிருந்தார்கள்.

அப்போது பிடித்தது மழை. எங்கள் வராந்தாவுக்குத் தகரக் கூரை. மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூட யாருக்கும் கேட்காது. எனக்கு அதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

முதலில் என் கருவிக்குள் குழாய்த் தண்ணீர் சத்தம் வந்தது. கூடவே சாரின் பாட்டு. அடடா என்று கருவியை என் பக்கத்தில் அணைக்கப் போனேன். அதற்குள் பாட்டு நின்றது. டக், டக் என்று ஒரு சத்தம். "இது என்னது?" என்றார். பிறகு, "கர்த்தாவே, இன்னைக்குப் பாத்தா?" என்றார். மறுபடியும் தானாகவே டக், டக் என்று இழுத்துப் பார்த்தார். மானத்தை நினைத்துப் பார்த்திருப்பார் போல. அதன்பிறகு ஒரே கத்தல்: "யாராவது உண்டா? தாப்பாளு ஒடிஞ்சி போச்சு! கதவு திறக்கல்ல!"

நான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வகுப்பில் ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் இருந்த தோழியின் காதருகே குனிந்து, "ஏட்டி, சாரு பாத்ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டாரு" என்றேன்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கத்துகாரு."

அவள் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். "எனக்கே கேக்கல்ல. உனக்குக் கேக்குதா?" என்றாள். நான் என் காதைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் புரிந்தது. இரண்டு பேரும் நனைந்துகொண்டே முன்வாசலுக்கு ஓடினோம்.

அங்கே பிரின்சிபல், எங்கள் மீசை சாரின் நம்பருக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டுக்கொண்டிருந்தார். அந்த போன் ஸ்டாப் ரூம் மேசையில் கிடந்தது. பிரின்சிபல் என்னிடம் எப்போதும் வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வோர் எழுத்தாகத்தான் பேசுவார்.

"சாரு பாத்ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டாரு சார்" என்றேன்.

"யா...ரு சொன்னா?"

"சாருதான் சொன்னாரு."

"எங்க வச்சி?"

"பாத்ரூமுக்குள்ள வச்சி."

"அப்ப நீ எங்க இருந்த?"

"கிளாஸ்ல சார்."

பிரின்சிபல் என்னையும் தோழியையும் மாறி மாறிப் பார்த்தார். தோழி மூச்சுவிடாமல் மைக் கதையைச் சொல்லி முடித்தாள். அதன்பிறகு பிரின்சிபல், வாட்ச்மேன், நாங்கள் இருவர், எல்லாருமாக ஸ்டாப் ரூமுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கழிப்பறைக்கு ஓடினோம்.

அங்கே தகரக் கூரை தலைக்கு நேர் மேலே. பிரின்சிபல் கதவில் வாயை வைத்து, "சார்!" என்று கத்தினார். உள்ளே இருந்தவருக்கு அது கேட்கவில்லை. அவர் சொன்னது இவருக்கும் கேட்கவில்லை. பிரின்சிபல் என் பக்கம் திரும்பிக் காதை நீட்டினார். "என்ன சொல்லுகாரு?"

"கதவ இடிக்காண்டாம்னு சொல்லுகாரு சார். கதவு உள்ள பாத்துத் திறக்கும், அவரு பின்னாலதான் நிக்காராம்."

அவரை விலகி நிற்கச் சொல்ல வேண்டுமே! தோழி ஒரு தாளில் 'சார், ஒதுங்கி நில்லுங்க' என்று எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினாள். அதுவரை கல்லூரியில் எதையும் எழுதிக் காட்டுவது எனக்கு மட்டும்தான். சார் அதைச் சத்தமாக வாசித்தார். "ஒதுங்கவா? எங்கல ஒதுங்குகது? இது என்ன பங்களாவா?"

"என்ன சொல்லுகாரு?"

"இடம் கொஞ்சம் கம்மியா இருக்காம் சார்."

அடுத்து சாருக்குக் கோபம் வந்தது. "இந்தத் தாப்பாள மாத்தணும்னு அந்தப் பிரின்சிபல்கிட்ட எத்தன தடவ சொன்னேன்! அந்த மனுசனுக்குக் காதுல விழுந்தாத்தானே!"

"என்ன சொல்லுகாரு?"

"ஒண்ணும் இல்ல சார். பிறகு சொல்லுகேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கல்யாண வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது, என்ன என்று நான் கேட்டால் எனக்குக் கிடைக்கும் பதில் அது. வாழ்க்கையில் முதல் முறையாக அதை நான் வேறொருவருக்குச் சொல்லியிருக்கிறேன். பிரின்சிபலின் முகம் சட்டென்று வாடியது. அந்த வாட்டம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அவர் விடவில்லை. "இல்ல, என்னமோ சொன்னாரு. சொல்லு."

"தாப்பாள மாத்தணுமாம் சார்."

"மாத்திருவோம், மாத்திருவோம்!" என்று கதவைப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

வாட்ச்மேன் தோளைக் கொடுத்து மெதுவாகத் தள்ள, கதவு திறந்தது. சார் வேர்த்து விறுவிறுத்து, ஒடிந்த தாழ்ப்பாளைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். நல்லவேளை, ஆய்வுக் குழு மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் வருவதற்குள் சார் முகம் கழுவிப் பாடத்தைத் தொடங்கிவிட்டார். குழுவில் இருந்த ஒரு மேடம் என்னிடம், "இந்த மைக் உனக்கு உதவியா இருக்கா?" என்று கேட்டார். "எனக்கு மட்டும் இல்ல மேடம், எல்லாருக்கும்" என்றேன். பிரின்சிபல்தான் பலமாகத் தலையாட்டினார்.

சாயங்காலம் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மக்கா, எல்லாம் கேட்டியா?"

"கேட்டேன் சார்."

"பாட்டும்?"

"பாட்டும்."

"பிரின்சிபலப் பத்திச் சொன்னதும்?"

"அது மழையில சரியாக் கேக்கல்ல சார்."

சார் மீசைக்குள் சிரித்தார். மறுநாள் எனக்கு முன்னால் நின்று, பொத்தானை ஒரே ஒரு தடவை அழுத்தப் பழகிக்கொண்டார்.

இன்றைக்கு நான் நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அந்த நாளுக்கு முன்னால், ஏதாவது கேட்காமல் போனால் மற்றவர்கள் சிரிக்கும்போது நானும் சும்மா சிரித்துவைப்பேன். திரும்பக் கேட்கக் கூச்சம். அன்றைக்குப் பிரின்சிபல் என்னிடம் அத்தனை தடவை கேட்டாரே, ஒரு தடவையாவது கூச்சப்பட்டாரா? தனக்குச் சேர வேண்டியதைக் கேட்பதுபோலத்தான் கேட்டார். இப்போது கூட்டத்தில் ஒரு வார்த்தை தவறினாலும் கையைத் தூக்கித் திரும்பச் சொல்லச் சொல்கிறேன். கேட்காததைத் திரும்பக் கேட்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை என்று எனக்குப் புரியவைத்தவர், நன்றாகக் காது கேட்கும் ஒரு மனிதர்தான் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.