முத்துச்செல்வி கட்டிய சிவப்பு அட்டை

சுங்குவார்சத்திரத்தில் ஐந்து பெண்களோடு ஒரே அறையில் தங்கி, ஒரகடத்தில் பிரேக் குழாய் செய்யும் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள் முத்துச்செல்வி. ஊர் சங்கரன்கோவில் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு பஸ் ஏறியவள். சரக்கு வாங்கும் கம்பெனியின் அமெரிக்க இன்ஜினியர் ஒவ்வொரு லாட்டையும், அதாவது ஒரே தடவையில் அனுப்பும் குழாய்த் தொகுதியை, பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். அனுப்பலாம் என்றால் அவள் பச்சை அட்டை கட்ட வேண்டும். கூடாது என்றால் சிவப்பு.

போன மாதம் அவர் சொன்ன 'கேன்ட்' காதில் 'கேன்' என்று விழ, சிவப்புக்குப் பதில் பச்சையைக் கட்டிவிட்டாள். துறைமுகம் வரை போன லாட் திரும்பி வந்தது.

"இன்னொரு வாட்டி இப்டி ஆச்சு, உன்னை வேலையவிட்டு அனுப்பிடுவாங்கோ. என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார் லைன் லீடர் ஜெகநாதன்.

அன்றிலிருந்து அறையில் பயிற்சி. அறைத்தோழி வேல்விழி செல்போனில் ஆங்கிலப் பேச்சை ஓடவிடுவாள். இவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து 'முடியும்', 'முடியாது' என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் பத்துக்கு ஐந்து.

"ஏட்டி, காச சுண்டிப் போட்டாலே அஞ்சு வந்துரும். இதுக்கு எதுக்கு காது?" என்று வேல்விழி சிரித்தாள்.

'கேன்ட்' என்பதன் கடைசி 'ட்'டைத் தேடியதுதான் தவறு என்று முத்துச்செல்விக்கு மெல்லப் புரிந்தது. அதைப் பேசுகிறவர்களே விழுங்கிவிடுகிறார்கள். முடியும் என்றால் 'கேன்' லேசாக நழுவி ஓடிவிடும், அடுத்த சொல்தான் ஓங்கி ஒலிக்கும். முடியாது என்றால் அந்தச் சொல்லே காலை ஊன்றி நிற்கும்.

நேற்றுக் காலை இன்ஜினியர் வந்தார், குழாய்களைப் புரட்டிப் பார்த்தார், தன் ஒற்றை வாக்கியத்தைச் சொன்னார். வழக்கம்போல லைன் மொத்தமும் "ஓகே சார்!" என்றது. அவரும் தலையசைத்துவிட்டுப் போனார்.

"பச்சையக் கட்டும்மா. லாரி நின்னுகினு கீது" என்றார் ஜெகநாதன்.

"இல்லண்ணே, அனுப்பக் கூடாதுன்னுதான் சொன்னாரு."

"இருவது பேரு ஓகே சொல்றாங்கோ. உன் காது மட்டும் இன்னா தனியா?"

"அவரு என்ன சொன்னாலும் நாம ஓகே சார்னுதான சொல்லுதோம்!"

அவள் இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். கேட் அருகே இன்ஜினியரைப் பிடித்தாள். அட்டைகளை மட்டும் நீட்டினாள். அவர் யோசிக்கவே இல்லை, சிவப்பைத் தொட்டார். பிறகு அதே அட்டையில் ஒரு குழாயை வரைந்து, விரிசல் இருக்கும் இடத்தில் வட்டம் போட்டுக் கொடுத்தார்.

அட்டையைப் பார்த்ததும் ஜெகநாதன் மரப்பலகை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இது மட்டும் போயிருந்தா, உன்கூட நானும் வூட்டுக்குப் போயிருப்பேன்" என்றார். பிறகு லாரி டிரைவரைப் பார்த்து, "லோடு இல்ல, வண்டிய எடுத்துக்கினு போப்பா!" என்று கத்தினார்.

மதியம் கேன்டீனில் முத்துச்செல்வி சாம்பார் சோற்றை வழித்துத் தின்றாள். பிறகு தட்டை மறுபடியும் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கக்கா."